மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டின கிளாஸ்

உங்க கப்பல்ல காபி சுமார்தான் சார். தப்பா எடுத்துக்காதீங்க, சொல்லணும்னு தோணுச்சு. மத்தபடி கவனிப்புல குறையே சொல்ல முடியாது. இப்பக்கூடப் பாருங்க, விசாரணைன்னு கூட்டிட்டு வந்திருக்கீங்க, உக்கார மெத்தை வெச்ச நாற்காலி, குடிக்கத் தண்ணி, ஜன்னலைத் திறந்தா கடல். எங்க வீட்ல சம்பந்தி வந்தாக்கூட இவ்வளவு உபசாரம் நடக்காது.

சரி, கேட்டதுக்கு வர்றேன். நிதானமாவே சொல்றேன், நீங்க எழுதிக்கங்க. அந்த கிளாஸை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்க. பேசறப்போ கையை ஆட்டுவேன், தட்டி விட்டுடப் போறேன்.

நாங்க மொத்தம் பதினோரு பேர். என் வீட்டுக்காரரோட அண்ணன் ரிடையர் ஆனாரு. பிள்ளைங்க அவரைப் பெரியப்பான்னு கூப்பிடும், நானும் அப்படியே சொல்றேன். எங்க குடும்பத்துல அவர் சொன்னா சொன்னதுதான். "ஒரு தடவையாவது எல்லாரும் சேர்ந்து கப்பல்ல போயிட்டு வந்துடணும்"னாரு, ஒரு வாரத்துக்கு டிக்கெட் போட்டாச்சு.

டிக்கெட் வந்த அன்னைக்கே நான் உங்க கம்பெனிக்குப் போன் போட்டேன். ஏன்னா என் பொண்ணு இருக்காளே, பத்தொம்பது வயசு, ஒரே பொண்ணு, அவளுக்குப் பாதாம், முந்திரி, வேர்க்கடலை, இந்த வகையறா எதுவுமே ஆகாது. ஒரு துணுக்கு உள்ள போனாப் போதும், உதடு வீங்கும், தொண்டை அடைக்கும், மூச்சு முட்டும். எங்க சொந்தத்துல தெரியாதவங்க கிடையாது. கப்பல் கிளம்பறதுக்கு நாற்பத்தஞ்சு நாளுக்கு முன்னாடி பாரம் நிரப்பி அனுப்பணும்னாங்க. நான் தொண்ணூறு நாளுக்கு முன்னாடியே அனுப்பிட்டேன். எழுத எடம் பத்தல, தனியா நாலு பக்கம் சேர்த்து வெச்சேன்.

என் கைப்பையைத்தான் நீங்க ஏற்கெனவே கொட்டிப் பாத்துட்டீங்களே. மூச்சு முட்டினாப் போடற ஊசி ரெண்டு, அலர்ஜி மருந்து ஒரு பாட்டில், ஈரத்தாள், அவளுக்கு ஆகாததெல்லாம் எழுதி லேமினேட் பண்ணின மஞ்சள் கார்டு எட்டு, என் தலைவலி மாத்திரை ஒரு அட்டை. என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு. "பன்னெண்டு வருஷமா இந்த மாத்திரையைச் சுமக்கறா, ஒரு நாள் தலைவலின்னு படுத்து நான் பாத்ததில்ல"ம்பாரு. அவருக்கு எதையுமே முழுசாக் கவனிக்கத் தெரியாது.

மொத நாள் ராத்திரி சாப்பாட்டை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். அந்தப் பெரிய ஹால், எண்ணூறு பேர், மாடிக்கு மாடி விளக்கு. ஹெட் வெயிட்டர் நேரா எங்க மேசைக்கு வந்து, பதினோரு பேர்ல என்னைக் கண்டுபிடிச்சு, என் பக்கம் குனிஞ்சு, "நாளைக்கு என்ன சமைக்கப் போறோம்னு இன்னைக்கே உங்ககிட்ட காட்டிடறோம்மா, நீங்க பாத்துச் சொல்லுங்க"ன்னாரு. எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. அடுத்த நாள் தலைமைச் சமையல்காரரே தொப்பியோட வந்து நின்னாரு. என் பொண்ணோட தட்டு மட்டும் மஞ்சள் மூடி போட்டுத் தனியா வரும். அந்த மூடி சமையலறைக் கதவைத் தாண்டி வரும்போதே பக்கத்து மேசைக்காரங்க கழுத்தைத் திருப்புவாங்க. கல்யாணத்தன்னைக்குக்கூட என்னை அத்தனை பேர் பாக்கல சார்.

உயிர்காக்கும் படகு எப்படி எறக்கறதுன்னு காட்டினாங்களே, அப்போ நான் கையைத் தூக்கி, "படகுல வெச்சிருக்கற பிஸ்கட்ல பாதாம் இருக்கா"ன்னு கேட்டேன். பெரியப்பா விழுந்து விழுந்து சிரிச்சாரு. ஆனா பாருங்க, அந்த ஆபீசர் போய் டப்பாவைப் பாத்துட்டு வந்து, "இல்லைங்கம்மா"ன்னு சொல்லிட்டுத்தான் அடுத்த வேலையைப் பாத்தாரு.

எங்க அறையைப் பாத்துக்கிட்ட ஸ்டூவர்ட் இருக்காரே, தங்கமான மனுஷன். ஐம்பது வயசிருக்கும். அவர்கிட்ட மொத நாளே சொல்லிட்டேன். என் பொண்ணு வாய் வெச்ச கிளாஸ், கரண்டி எதுவும் மத்ததோட கலக்கக் கூடாது. மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, நாளும் நேரமும் எழுதி, தனிப் பையில போட்டு, கடைசியாத்தான் கழுவணும். வேற யாராவதா இருந்தா சரி சரின்னு சொல்லிட்டுக் காத்துல விட்டிருப்பாங்க. அவர் ஒரு நோட்டுப் புத்தகமே போட்டாரு.

நீங்க என்னை ஒரு மாதிரி பாக்கறீங்க. இதுல இவ்வளவு சந்தோஷப்பட என்ன இருக்குன்னு நெனைக்கறீங்க. நான் நடு மருமக சார். மூத்த மருமக பேச்சுக்கு மரியாதை, கடைசி மருமகளுக்குச் செல்லம். நடுவுல இருக்கறவ பால் பொங்குதான்னு பாத்துக்கணும், அவ்வளவுதான். ஜன்னலுக்குத் திரை வாங்கினாக்கூட என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டாங்க. பொண்ணுக்கு அலர்ஜின்னு டாக்டர் சொன்ன நாளிலிருந்து கதையே வேற. எந்த விசேஷத்துக்குப் போனாலும் நான் தட்டை மோந்து பாத்து, கேட்கறதைக் கேட்டு, சரின்னு தலையாட்டணும். அதுக்கப்புறம்தான் மத்தவங்க கை சாப்பாட்டுல விழும். பெரியப்பா கை உட்பட.

ரெண்டாம் நாள் ராத்திரி அவர்தான் குண்டைத் தூக்கிப் போட்டாரு. பொண்ணுக்கு வெளியூர்ல கட்டடக்கலை படிக்க எடம் கெடச்சிருந்துச்சு. ஹாஸ்டல்ல தங்கணும். சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவான்னு நான் கேட்டேன், பேச்சு அதோட நின்னுடுச்சுன்னு நெனச்சேன். அவர் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "நாளையிலிருந்து கார்டு அவ கையில இருக்கட்டும். அவளே கேட்டு, அவளே சொல்லி, அவளே சாப்பிடட்டும். கரை சேர்ற வரைக்கும் ஒண்ணும் ஆகலைன்னா பொண்ணு ஹாஸ்டலுக்குப் போறா"ன்னாரு. மேசையே கை தட்டுச்சு. நானும் தட்டினேன். நல்லா சத்தமாவே தட்டினேன்.

மூணாம் நாள் ஹெட் வெயிட்டர் வந்தாரு. என்னைத் தாண்டிப் போய் அவ பக்கம் குனிஞ்சாரு. எனக்கு அவரோட முதுகுதான் தெரிஞ்சுது. கோட்டை நல்லா இஸ்திரி போட்டிருந்தாரு.

அவ என்னைவிட நல்லாக் கேட்டா சார், பொய் சொல்லக் கூடாது. எந்த எண்ணெய், அதே சட்டியில முன்னாடி என்ன பொரிச்சீங்க, ஐஸ்கிரீம் எடுக்கற கரண்டி தனியா இருக்கா. நான் இத்தனை வருஷத்துல கேட்காத கேள்வியெல்லாம் கேட்டா. நாலாம் நாள், அஞ்சாம் நாள், ஒரு பிசகு கிடையாது. பெரியப்பா மீசைக்குள்ள சிரிச்சுக்கிட்டாரு. என் வீட்டுக்காரர், "நீ கொஞ்ச நேரம் போய் நீச்சல் குளத்துல காலையாவது நனையேன்"னாரு. நான் போய் நனைச்சேன். தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம எழுந்து வந்துட்டேன்.

ஆறாம் நாள், அதாவது நேத்து மத்தியானம், வராந்தாவுல ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. சிரிக்கறா, அழறா, ரெண்டும் சேர்ந்து வருது. "அம்மா, சித்தப்பா வீட்டு வாண்டோட தட்டும் என் தட்டும் மாறிப்போச்சும்மா. முந்தாநாள் சாயங்காலம் கேக் முழுசாத் தின்னுட்டேன். அப்புறம்தான் பாக்கறேன், உள்ள பூராவும் பாதாம். ஊசியைக் கையில புடிச்சுக்கிட்டு மூணு மணி நேரம் பாத்ரூம்ல உக்காந்திருந்தேன். ஒண்ணுமே ஆகலைம்மா. இன்னைக்குக் காலையில வேணும்னே நாலு பாதாம் தின்னு பாத்தேன். ஒண்ணுமே ஆகல"ன்னா. என்னைத் தூக்கி ஒரு சுத்து சுத்தினா. "இத்தனை வருஷம் உன்னைப் படுத்தி எடுத்துட்டேன்ல. இனிமே நீ உன் தட்டைப் பாத்து நிம்மதியா சாப்பிடலாம்மா"ன்னா.

நல்ல பொண்ணு சார். யார்கிட்டயும் சொல்லாம மொதல்ல என்கிட்டதான் வந்து சொன்னா.

எனக்கு அது புதுசில்ல. பன்னெண்டு வருஷமாத் தெரியும். அவளுக்கு ஏழு வயசுல ஊசி குத்திப் பரிசோதனை பண்ணினாங்க. பாதாம், முந்திரி, கடலை, எதுக்குமே கை சிவக்கல. "மொத தடவை வீங்கினப்போ வேற ஏதாவது குடுத்தீங்களா, மாத்திரை மருந்து"ன்னு டாக்டர் கேட்டாரு. இல்லைன்னுட்டேன். வீட்டுக்கு வர்ற வழியிலதான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டு வயசுல பக்கத்து வீட்டுப் பிறந்தநாள், பாதாம் கேக். அன்னைக்கே லேசாக் காய்ச்சல்னு என் தலைவலி மாத்திரை ஒண்ணுல கால்வாசி உடைச்சுக் குடுத்திருந்தேன். நாலாம் வயசுல வீங்கினப்பவும் அதே மாத்திரைதான். பரிசோதனை முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு அதே மாத்திரையை இன்னொரு தடவை குடுத்துப் பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு என் ஊகம்.

பரிசோதனைக் காகிதத்தை அடுப்புல போட்டுட்டேன். மாத்திரையைப் பையில போட்டுக்கிட்டேன்.

அதை அவளுக்குக் கண்டபடி குடுத்ததில்ல சார், நான் ஒண்ணும் பைத்தியக்காரி இல்ல. காய்ச்சல் வந்தா வேற மருந்துதான் குடுப்பேன். அந்த விஷயத்துல அவ்வளவு ஜாக்கிரதை. அதுக்கப்புறம் பன்னெண்டு வருஷத்துல மூணே மூணு தடவை. பள்ளிக்கூடத்துல மலைக்குக் கூட்டிட்டுப் போறாங்கன்னு அடம் பிடிச்சப்போ ஒரு தடவை. மூத்த ஓரகத்தி, "வயசு ஏற ஏற இதெல்லாம் தானாப் போயிடும்"னு பேச்செடுத்தப்போ ஒரு தடவை. இன்னொண்ணு மறந்துபோச்சு.

நேத்து அவ, "ராத்திரி சாப்பாட்டுல எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன்"னா. நான் தடுக்கல. "சொல்லும்மா, அது வரைக்கும் ரகசியமா வெச்சுக்கோ"ன்னேன். ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்க மாதிரி சிரிச்சுக்கிட்டே ஜோடனை பண்ணினோம். நீலச் சட்டை போட்டுக்கிட்டா, நான் தலை வாரிவிட்டேன். கிளம்பறதுக்கு முன்னாடி ஆரஞ்சு ஜூஸ் கலந்து குடுத்தேன். ஒரு வாய் குடிச்சுட்டு, "கசக்குதும்மா"ன்னா. "தோலோட பிழிஞ்சிருப்பாங்க, முழுசாக் குடிச்சுடு"ன்னேன். குடிச்சா. எப்பவும் அரை மாத்திரைதான், நேத்து ரெண்டு போட்டேன். வளர்ந்த பொண்ணு இல்லையா.

சாப்பாடு முடியற நேரத்துல அவ எழுந்து நின்னா. ஒரு தட்டுலேர்ந்து முழுப் பாதாம் ஒண்ணை எடுத்து எல்லாருக்கும் காட்டினா. பெரியப்பா, "ஐயோ, கீழ போடும்மா"ன்னு பதறிட்டாரு. அவ யாரையும் பாக்கல, என்னைத்தான் பாத்தா. பழக்கம் பாருங்க. நான் தலையாட்டினேன். வாயில போட்டுக்கிட்டா.

மூணு நிமிஷம்கூட ஆகல. மொதல்ல உதடு, அப்புறம் கண்ணு. அவளுக்கே நம்ப முடியல, அந்த முகத்தை நீங்க பாத்திருக்கணும். ஊசி என் மடியிலதான் இருந்துச்சு. உடனே எழுந்து போட்டிருக்கலாம். கொஞ்சம் பொறுத்தேன். பெரியப்பா என்னைப் பாத்து, "நீ வாம்மா, உன்னாலதான் முடியும், நீ வா"ன்னு ரெண்டு கையையும் நீட்டினாரு. அப்பத்தான் எழுந்தேன். எண்ணூறு பேர் ஹால்ல ஒரு ஸ்பூன் சத்தம் இல்ல. எல்லாரும் எனக்கு வழி விட்டாங்க. வெளிய சொல்லக் கூடாது, உள்ளுக்குள்ள எனக்கு ஒரே குதியாட்டம்.

மொத ஊசிக்குக் கேட்கல. ரெண்டாவதுக்கும் கேட்கல. அது நான் எதிர்பாக்காதது. அப்புறம் உங்க டாக்டர் வந்து தொண்டையில குழாய் போட்டுக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனாரு. இன்னும் கண்ணு முழிக்கலைன்னு சொல்றாங்க. முழிப்பா. எத்தனை தடவை பாத்திருக்கேன்.

மத்தது உங்களுக்கே தெரியும். ஸ்டூவர்ட் அந்த கிளாஸைக் கழுவாம, ஸ்டிக்கர் ஒட்டி, நேரம் எழுதி, பையில வெச்சிருந்தாரு. நேத்து சாயங்காலம் ஏழு பத்து. அடியில வெள்ளையாத் தூள் நிக்குதுன்னு டாக்டர்கிட்ட அவரே கொண்டுபோய்க் குடுத்திருக்காரு. எனக்கு அவர் மேல துளிகூட வருத்தமில்ல. நான் சொன்னதைத்தானே செஞ்சாரு. முடிஞ்சா அவரைப் பத்தி மேலதிகாரிக்கு நாலு நல்ல வார்த்தை எழுதுங்க.

ஆமாம் சார். மாத்திரை போட்டது நான்தான். எங்க கையெழுத்துப் போடணும், இங்கயா?

ஒரே ஒரு விஷயம். கீழ்த்தளத்துல இருக்கற நர்சுங்க புதுசு, என் பாரத்தைப் படிச்சிருக்க மாட்டாங்க. இந்த மஞ்சள் கார்டைக் குடுத்துடுங்க. முழிச்சதும் அவளுக்குப் பசிக்கும், எதையாவது குடுத்துடப் போறாங்க. பாதாம் மட்டும் கண்ணுல காட்ட வேணாம்னு சொல்லுங்க. அவளுக்கு ஒத்துக்காது.