காஜா வச்ச பட்டி

— மூடி இருக்கு அக்கா. என் பாக்கெட்லயே இருக்கு, பாருங்க. எனக்கு வேண்டியது மூடியத் தூக்கறது.

— மூடியக் கையாலயே தூக்கலாமே சார்.

— வாஷ்பேசின் மூடிக்கா... தண்ணி போற ஓட்டைய அடைக்குமே, அது. குழாய்க்குப் பின்னாடி ஒரு குமிழ் இருக்கும். அத மேல இழுத்தா மூடி கீழ உக்காரும், அமுக்கினா எழுந்துக்கும்.

— ஒன்னு ஏறினா இன்னொன்னு எறங்கும். எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். சரி, இதுல எது போச்சு?

— பேசினுக்கு அடியில... குமிழோட கம்பி எறங்கி வந்து ஒரு பட்டையில மாட்டியிருக்கும். பட்டை முழுக்க வரிசையா ஓட்டை.

— காஜா வச்ச பட்டி.

— ...அப்படியும் சொல்லலாம். அந்த ஓட்டை ஒன்னுல இன்னொரு கம்பி படுத்தவாக்குல நுழையும். கழண்டுக்காம இருக்க, வளைஞ்ச தகடு ஒன்னு பிடிச்சுக்கும்.

— கொக்கி.

— கிளிப்புன்னு நெனக்கிறேன்.

— நெனச்சுக்கோங்க. நாங்க கொக்கின்னுதான் சொல்லுவோம். அப்புறம்?

— படுத்த கம்பிக்கு நடுவுல ஒரு உருண்டை...

— பொத்தான்.

— உருண்டைக்கா, கோலிக்குண்டு மாதிரி. அது குழாய்ல போய் உக்காரும். மேல வாஷர், அதுக்கும் மேல நட்டு. கம்பியோட நுனி உள்ள போய் மூடியோட வாலப் பிடிச்சிருக்கும். குமிழத் தூக்கினா கம்பியோட இந்த முனை ஏறும், அந்த முனை எறங்கும், மூடி பொத்துனு உக்காந்துடும்.

— இவ்வளவு தெரியுது, பேரு மட்டும் தெரியாதா?

— நீங்க சொல்லுங்களேன். இவ்வளவு பெரிய ஹார்டுவேர் கடை, இதுக்கு ஒரு பேரு இருக்கணுமே.

— பேரு... கம்பெனிக்கு ஒன்னு வச்சிருப்பான். பேர வச்சு என்ன செய்யப் போறீங்க, கூப்பிட்டா வரவா போகுது?

— சீக்கிரம் பாருங்க. நாலு மணிக்கு வீட்டுக்காரம்மா வந்துடுவாங்க.

— ஓ... அப்படியா சேதி. ஒடச்சது யாரு?

— நாந்தான். தண்ணி எறங்கலன்னு கழட்டினேன். திரும்ப மாட்டறப்ப நட்ட கொஞ்சம் ஓவரா முறுக்கிட்டேன்... கம்பி உருண்டையோட ரெண்டாப் போச்சு.

— புதுசா கல்யாணமா?

— பழக்கமே ஒரு வாரம்தான். மொத மொதல்ல நம்பி ஒரு வேலை கொடுத்தாங்க...

— ஒரு வாரத்துலயே வேல வாங்க ஆரம்பிச்சாச்சு. கெட்டிக்காரி.

— சிரிக்காதீங்க. சரியா முடிச்சா வச்சுப்பாங்க. இல்லன்னா இந்தப் பக்கமே வராதன்னுட்டு வேற ஆளப் பாத்துக்குவாங்க.

— வேற ஆளா... காலம் ரொம்பத்தான் மாறிப்போச்சு.

— அக்கா, மணி மூணே கால்.

— இருங்க... இந்த டப்பா... இல்ல, இது ஷவரு. மேல் தட்டுல... இதுல படம் போட்டிருக்கான். இதா?

— இதேதான். ஆனா ரெண்டு சைஸ் இருக்கே.

— ஒடஞ்சத இப்படிக் குடுங்க. டேப்பு கழுத்துலயே இருக்கு... நீளம் ஆறே கால். உருண்டைக்குச் சுத்தளவு... ரெண்டு. லூசா வேணுமா, பிடிச்சாப்புல வேணுமா?

— பிடிச்சாப்புல. லூசா இருந்தா ஒழுகும்.

— அப்ப சின்னதுதான் உங்களுக்கு.

— வெல கொஞ்சம் பாத்துப் போடுங்க அக்கா.

— ஒட்டியிருக்கறதுதான் வெல. கொறைக்க எனக்கு அதிகாரம்... எனக்கு மனசு இல்ல.

— பொருந்தலேன்னா திருப்பி எடுத்துப்பீங்கல்ல?

— அந்தக் கவல உங்களுக்கு எதுக்கு? ஒரு பிளம்பரக் கூப்பிட்டு மாட்டச் சொல்லுங்க, அவன் பாத்துப்பான்.

— பிளம்பர் நாந்தான் அக்கா.

— அப்ப... வீட்டுக்காரம்மா?

— வீட்டுச் சொந்தக்காரம்மா. எனக்கு இன்னும் பொண்ணே பாக்கல. அவங்களுக்குப் பன்னண்டு வீடு, இந்த ஒன்னு தேறினா பன்னண்டு வீட்டு வேலையும் எனக்கு. இத்தன நாளா மேஸ்திரி கூடக் கழட்டி மாட்டினேனே தவிர, பேரக் கேட்டு வச்சுக்கல. பிளம்பர்னு சொல்லிட்டு 'அந்த இது, இந்த இது'ன்னு எப்படிக் கேக்கறது? உங்க கடைக்கு வர்ற மத்த பிளம்பருங்க காதுல மட்டும் போட்டுடாதீங்க.

— என் கடைக்குப் பிளம்பருங்க வர்றதில்ல தம்பி. என் கடை எதிர்ல இருக்கு, ஜாக்கெட் தைக்கிற கடை. இந்தக் கடைக்காரர் என்னப் பாத்துக்கச் சொல்லிட்டுச் சாப்பிடப் போயிருக்காரு... டைட்டா இருந்தா கொண்டா, பிரிச்சுத் தெச்சுத் தரேன்.