பர்வீன் வைத்திருந்த பத்து ரூபாய் நோட்டு

"படுங்கடா! தலையத் தூக்காதே! படு!"

மெஸ் சூப்பர்வைசர் சலீம் பாயின் குரல். படுக்கிறேன். கன்னம் சிமெண்டுத் தரையில். வாயெல்லாம் மணல். முதலில் ஒரு விசில். அப்புறம் சத்தமே இல்லாத ஒரு நொடி. அப்புறம் தரை எழும்பி நெஞ்சில் அடிக்கிறது. தகரக் கூரை கிழிகிறது. கடைசியாக, கஞ்சி வைக்கும் அலுமினியத் தேக்சா உருண்டு போய்ச் சுவரில் முட்டி நிற்கிறது. என் இடது காது கடைசியாகக் கேட்டது அந்தத் தேக்சாவின் சத்தத்தைத்தான்.

சூடானில் கார்ட்டூம். நைல் ஆற்றின் வடகரை. நோன்பின் கடைசிப் பத்து. சனிக்கிழமை காலையில் சண்டை தொடங்கியது. ராணுவம் ஒரு பக்கம், அதிலிருந்து பிரிந்த துணைப்படை ஒரு பக்கம். நடுவில் எங்கள் இரும்புக் கம்பி ஆலை. ஆலைக்குப் பின்னால் எங்கள் கேம்ப். கேம்ப்பில் பாதிப் பேர் தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து ஆட்கள். சலீம் பாய், அமீன் என்கிற நான், என் மச்சான் ஜமால் மூவரும் ஒரே ஊர். வெண்ணாற்றங்கரை. ஒரே ஜமாஅத்து. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஜமால் என் தங்கை பர்வீனின் கணவன். ஸ்டோர் கீப்பர். பேச்சு குறைவு, கணக்கு அதிகம். அவன் சூடானுக்கு வந்ததே பர்வீனின் வீட்டை ஒத்திக்கு வைத்துத்தான். எங்கள் அத்தா அவளுக்குக் கட்டிக் கொடுத்த வீடு. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். ஏஜெண்டுக்கும் விசாவுக்கும் அந்த ஒத்திப் பணம் போயிற்று. வீட்டில் ஒத்திக்காரர் குடியேறினார். பர்வீன் மகள் ஹசீனாவோடு அத்தா வீட்டுக்கு வந்துவிட்டாள். சண்டை வந்த அந்த வருஷம் தீபாவளிக்குள் மீட்காவிட்டால் வீடு அவருக்கே கிரயம். ஜமாலின் ஒன்பது வருஷமும் அந்த ஒரு வீட்டுக்காக.

பணம் அனுப்ப எங்களுக்கு இரண்டு வழி. ஒன்று வங்கி. ஃபாரம் எழுத வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், அரசாங்க ரேட்டு, போய்ச் சேர வாரக்கணக்கு. இன்னொன்று உண்டியல். சலீம் பாயிடம் பணத்தைக் கொடுத்தால் மறுநாள் ஊரில் வீட்டு வாசலில் ஆள் வந்து கொடுத்துவிட்டுப் போவான். நூற்றுக்கு இரண்டு கமிஷன். ரசீது கிடையாது. ரசீதுக்குப் பதில் ஒரு ரூபாய் நோட்டு. ஊரில் இருப்பவர் ஏதாவது ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து அதன் நம்பரைப் போனில் சொல்வார். அந்த நம்பரைச் சலீம் பாயிடம் சொல்வோம். அவர் ஊரில் இருக்கும் தன் ஆளுக்குச் சொல்வார். வருகிறவன் நம்பரைப் பார்ப்பான், நோட்டை வாங்கிக்கொள்வான், பணத்தை எண்ணி வைப்பான். அவ்வளவுதான். நான் வந்த நாளிலிருந்து உண்டியல்தான். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

ஜமால் வங்கிக்காரன். நாங்கள் கேலி செய்வோம். "மாப்ள வரிசையில நின்னே கிழவனாயிடுவாரு" என்போம். அவன் சிரிப்பான். "பாஸ்புக்குல விழணும் மச்சான். நாளைக்கு எவனும் இல்லைன்னு சொல்ல முடியாதுல்ல" என்பான். சண்டைக்கு முந்தைய ஆறேழு மாதம் வெளிநாட்டுக்கு அனுப்புவதை வங்கி நிறுத்தி வைத்திருந்தது. அவன் சம்பளம் அங்கேயே கிடந்தது. கேட்டால் அடுத்த வாரம் என்றார்கள்.

நாலாம் நாள். தண்ணீர் இல்லை. கரண்ட் இல்லை. ஆலை மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு செட்டில்மெண்ட் பணத்தை டாலராகக் கையில் கொடுக்கிறார். கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போகிறார். போகும்போது "காட் பிளஸ்" என்றார். எனக்கு அவர் முகத்தில் துப்பத் தோன்றியது.

ஒன்பது வருஷம் ஒரு கவரில். அதை வைத்துக்கொண்டு எங்கே போவது? தெருவுக்குத் தெரு துப்பாக்கிக்காரர்கள். நிறுத்துகிறார்கள். சட்டையைக் கழற்றச் சொல்கிறார்கள். செருப்பைக்கூடப் பிய்த்துப் பார்க்கிறார்கள். பணம் இருந்தால் எடுத்துக்கொள்கிறார்கள். சில பேரை அதற்குப் பிறகும் விடுவதில்லை.

மறுநாள் விடிந்ததும் ஜமால் வங்கிக்கு ஓடினான். நானும் பின்னால் ஓடினேன். இரண்டு தெரு. வங்கி எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி வெடிக்கும் சத்தம், பட் பட்டென்று. கருகிய காகிதம் தெருவெல்லாம் பறக்கிறது. உள்ளூர்ப் பையன்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஜமால் ஒரு பாதிக் காகிதத்தைப் பிடித்தான். யாருடைய கணக்கோ. கையை உதறினான். திரும்பி நடந்தோம்.

சலீம் பாய் மெஸ்ஸில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் கால்குலேட்டர். கூரையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. கீழே எங்கள் ஆட்கள் வரிசையாக.

"எங்கிட்ட குடுத்துட்டு வெறுங்கையோட பஸ் ஏறுங்க. ஊர்ல போயி வாங்கிக்கலாம். இங்க ஒரு சேட்டு இருக்கார், அவர் பாத்துக்குவார்."

"கமிஷன் எவ்வளவு பாய்?"

"நூத்துக்கு இருபத்தஞ்சு."

வெளியே இயந்திரத் துப்பாக்கி, தையல் மிஷின் ஓடுகிற மாதிரி.

"என்ன பாக்குறீங்க? ரிஸ்க் இருக்குல்ல. வேணாம்னா ரோட்டுல போறவனுக்குக் குடுங்க."

நாலு நாளாக அவர் வைத்த கஞ்சியைக் குடித்த ஆட்கள் நாங்கள். அவரை இமாமாக நிறுத்தி அவர் பின்னால் தொழுத ஆட்கள். கால் பங்கைக் கால்குலேட்டரில் தட்டிப் பிடுங்கினார். நான் கொடுத்தேன். எல்லாரும் கொடுத்தார்கள். ஜமால் கவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். அப்புறம் பர்வீனுக்குப் போன் போட்டான்.

லைன் விட்டு விட்டு வருகிறது. அவள் ஒரு நோட்டை எடுத்து நம்பரைப் படிக்கிறாள். அவன் பேனாவால் உள்ளங்கையில் எழுதுகிறான். பாதியில் ஒரு குண்டு. பக்கத்துத் தெரு. தரை ஆடுகிறது.

"கடைசி மூணு இன்னொரு தடவ சொல்லு! கத்தி சொல்லு!"

"ஏழு! ஏழு! ரெண்டு!"

ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது. சலீம் பாய் ஜமாலின் கவரை வாங்கி வாளிக்கடியில் செருகிவிட்டு, நம்பரைத் தன் போனில் குறித்துக்கொண்டார். "நோட்ட பத்திரமா வச்சுக்க பிள்ளே" என்று ஜமால் சொன்னான். லைன் அறுந்தது. அவர்கள் பேசியது அதோடு முடிந்தது.

மறுநாள் காலை பஸ். ஒரு பள்ளிக்கூடத்தில் வந்து நிற்கும் என்றார்கள். ஒற்றை வரிசையில் போகிறோம். முன்னால் சலீம் பாய், பின்னால் ஜமால், அதற்குப் பின்னால் நான்.

"ஓடாதீங்க! சுவர ஒட்டி வாங்க! சுவர ஒட்டி!"

எனக்கு விசில் கேட்கவில்லை. என் இடது பக்கத்திலிருந்து வந்தது. ஜமாலுக்குக் கேட்டிருக்கிறது. திரும்பி என்னைச் சுவரோடு தள்ளினான். புழுதி. புழுதி அடங்கியபோது அவன் உட்கார்ந்திருந்தான். காலை நீட்டி, சாய்ந்து, களைத்துப்போய் உட்கார்ந்தவனைப் போல. கழுத்தில் ஒரு கீறல்தான் தெரிந்தது. பின்பக்கம் பார்த்தேன். பார்த்ததை எழுத மாட்டேன்.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் அடக்கினோம். குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. அந்தத் தெருவில் இருந்த ஒரு கிழவர், முன்பின் தெரியாதவர், தன் தலைப்பாகையை அவிழ்த்துக் கொடுத்தார். அதைத்தான் கபன் துணியாகப் போர்த்தினோம். கையை மடக்கும்போது பார்த்தேன். உள்ளங்கையில் நம்பர் அழியாமல் இருந்தது. ஏழு, ஏழு, இரண்டு. சலீம் பாயும் பக்கத்தில் குனிந்து நின்றார். அவரும் பார்த்தார். துஆ ஓதியதும் அவர்தான். அழுததும் அவர்தான், எல்லாரையும்விடச் சத்தமாக.

பஸ். பாலைவனம். துறைமுகம். கப்பல். விமானம். ஊர் வந்து சேர்ந்தபோது என் காதில் சீழ் பிடித்திருந்தது. ஜுரம். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் படுத்துவிட்டேன். என் உண்டியல் பணம் நான் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டது. ஹெல்மெட் போட்ட ஒருவன் பைக்கில் வந்தான், நோட்டைப் பார்த்தான், பணத்தை என் மனைவி கையில் கொடுத்தான், போய்விட்டான்.

அதே ஆள் அதே வாரம் அத்தா வீட்டுக்கும் போனான். பர்வீன் இத்தாவில் இருக்கிறாள். புருஷன் இறந்தால் எங்களில் பெண் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருப்பாள். வெளி ஆண்கள் முன்னால் வர மாட்டாள். அத்தா நோட்டை நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"நோட்டு மட்டும் பத்தாது பாய். அனுப்புன ஆளு மவுத்தாயிட்டாரு. வாரிசு நேர்ல வரணும். முகம் தெரியற மாதிரி வீடியோ எடுக்கணும். அப்பதான் குடுக்க முடியும்."

"எம் பொண்ணு இத்தாவுல இருக்குப்பா. ஆம்பள முன்னாடி எப்படி வரும்?"

"அப்ப இத்தா முடியட்டும். வர்றேன்."

அத்தா நிம்மதியாகத் தலையாட்டினாராம். என்னிடம் ஆஸ்பத்திரியில் சொன்னார். "நம்மூரு ஆளுதானே. பணம் எங்க போயிடப் போவுது? முறைய விட்டுட்டுப் பணத்துக்கு ஓடுனான்னு நாளைக்கு ஒருத்தன் பேசக்கூடாது." பெருமையாகச் சொன்னார். அதற்குள் அந்த ஆள் பணத்தோடு வெண்ணாற்றுப் பாலத்தைத் தாண்டியிருப்பான்.

எனக்கு உடனே உறைக்கவில்லை. காது வலி. வீடு திரும்பி, என் மனைவியிடம் கேட்ட பிறகுதான் உறைத்தது. உண்டியலில் எந்த வீட்டிலும் எவனும் வீடியோ எடுத்ததில்லை. திருட்டு வியாபாரத்துக்கு யாராவது வீடியோ எடுப்பானா? இது எங்கள் ஊரைத் தெரிந்தவன் யோசித்தது. இத்தாவில் இருக்கும் பெண்ணை அத்தா கேமரா முன்னால் நிறுத்த மாட்டார் என்று தெரிந்தவன் யோசித்தது. ஜமாலின் குழிமேட்டில் நின்று அழுதவன் யோசித்தது.

மேட்டூர்த் தண்ணீர் வந்தது. குறுவை நட்டார்கள், அறுத்தார்கள். இத்தா முடிந்தது. பைக் வரவில்லை. சலீம் பாய் ஊரில்தான் இருந்தார். கடைத்தெருவில் மினி சூப்பர் மார்க்கெட் திறந்திருந்தார். கேட்டேன்.

"அந்த சேட்டு ஓடிட்டான் அமீனு. போர்ல எல்லாம் போச்சு. நான் என்ன பண்ண? அன்னிக்கே குடுக்கத்தான் ஆள் அனுப்புனேன். உங்க அத்தாதான் வேணாம்னாரு."

ஜமாஅத்தில் பிராது வைத்தோம். அந்த வாரம்தான் பள்ளிவாசலுக்கு அவர் வாட்டர் கூலர் வாங்கிக் கொடுத்திருந்தார். பெரியவர்கள் அதில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். "ரெண்டு பேரும் விட்டுக் குடுத்துப் போங்க" என்றார்கள். நாங்கள் எதை விட்டுக் கொடுப்பது? வக்கீலிடம் போனேன். "உண்டியல்ல போட்ட பணம் வரலைன்னு எழுதிக் குடுப்பீங்களா? அப்ப மொத கேள்வி உங்களத்தான் கேப்பாங்க" என்றார். ஜமாலின் வங்கிப் பணத்துக்காக இங்கே உள்ள வங்கிக்குப் போனேன். ஏசி அறை. டை கட்டிய பையன். அந்த ஊர் வங்கியின் சீல் வைத்த கடிதமும் அந்த ஊர் இறப்புச் சான்றிதழும் வேண்டுமாம். வங்கி எரிந்துவிட்டது என்றேன். "அப்ப எரிஞ்சதுக்கு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க சார்" என்றான். ஒருவன் பணிவாகப் பேசியே விழுங்குகிறான். இன்னொருவன் துஆ ஓதி விழுங்குகிறான். இரண்டு பேர் மூஞ்சியிலும் முழிக்கப் பிடிக்கவில்லை.

தீபாவளி வந்தது. வீடு கிரயமானது. பத்திர ஆபீசில் பர்வீன் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் "சலீம் பாய் கடைக்குப் போவோம்ணே" என்றாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. ஹசீனாவும் கூட வந்தாள்.

கல்லாவில் அவர். பர்வீன் புர்காவுக்குள்ளிருந்து அந்த நோட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். மடிப்பு இல்லை. குர்ஆன் ஷரீஃபுக்குள் வைத்திருந்தாளாம்.

"இத்தா முடிஞ்சிருச்சு பாய். நேர்ல வந்திருக்கேன். வீடியோ எடுத்துக்குங்க."

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சலீம் பாய் நோட்டை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து நம்பரைப் பார்த்தார். உதடு அசைந்தது. அவருக்குத் தெரியும். பிறகு கல்லாவைத் திறந்து, மற்ற பத்து ரூபாய்களோடு போட்டு, மூடினார். கல்லா மூடும் சத்தம், டிங். பின்னால் கையை நீட்டி ஒரு பிஸ்கட் பாக்கெட் எடுத்து ஹசீனாவிடம் கொடுத்தார்.

"பிள்ளைக்குக் குடும்மா. கணக்கு சரியாப் போச்சு."

நான் கல்லாவைப் பிடித்து இழுத்தேன். நாலு பேர் என்னைப் பிடித்தார்கள். அவரை யாரும் பிடிக்கவில்லை.

மறக்கக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். போனவை இவை. ஜமால், முப்பத்தெட்டு வயது, பள்ளிக்கூட மைதானத்தில், பெயர்ப் பலகை இல்லாமல். என் இடது காது. எரிந்த வங்கியில் ஜமாலின் சம்பளம். சலீம் பாயின் வாளிக்கடியில் அவன் ஒன்பது வருஷம். வெண்ணாற்றங்கரையில் பர்வீனின் வீடு. ஏழு ஏழு இரண்டு என்று முடியும் ஒரு பத்து ரூபாய் நோட்டு.

வந்தது ஒரு பிஸ்கட் பாக்கெட். ஹசீனா அதைப் பிரிக்கவில்லை. கடை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாள்.