மிரண்டுபோன மெஷின்

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில், மெட்ராஸ் தொழிற்சாலைக்குத் திரும்பும் இரண்டு ஃபிட்டர்கள்.

“மெஷினுக்கு இவ்ளோ பயம் ஆவாதுடா,” என்றார் மீசைக்காரர்.

“ஓட்டை போட்ட காயித நாடாவ வெச்சி தானா இரும்பு வெட்டுற மெஷினு. நிக்க வேண்டிய எடத்துல நிக்காம நடுங்குது. நாளைக்குள்ள சரியாவலன்னா என்னைப் பழைய லேத்துக்கே தள்ளிடுவாங்க,” என்றார் மற்றவர்.

“மோட்டாரு எவ்ளோ வெடுக்குனு திரும்பணும்னு ஒரு திருகு இருக்குமே, அத இன்னா பண்ண?”

“வேகமா வெட்டட்டும்னு முழுசா ஏத்திட்டேன்.”

“அதான்! நம்ம டிரைவரப் பாரு. வண்டி கொஞ்சம் வெலகுனா ஸ்டீயரிங்கக் கொஞ்சமா ஒடிக்கிறாரு. உன் மெஷினு மெரண்டு போயி அந்தாண்ட ஒரு ஒடி, இந்தாண்ட ஒரு ஒடி. திருகை இறக்குடா.”

பாராட்டைக் கேட்ட டிரைவர் முழுசாகத் திரும்பிச் சிரித்தார். எதிரே வைக்கோல் வண்டி. தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். டிரைவர் பதறி ஒடித்தார். பஸ் அந்தப் பக்கம் பெரிதாக ஒரு ஆட்டம், இந்தப் பக்கம் சின்னதாக ஒரு ஆட்டம் ஆடி நேரானது.

“புரிஞ்சிடுச்சிடா! ரெண்டே ஆட்டத்துல நிக்கிறாப்ல வெக்கணும்!” என்று குதித்தார் லேத்துக்குப் பயந்தவர். “அண்ணே, இன்னொரு வாட்டி காட்டுங்க!”

மீதித் தூரம் நடந்தாலும் பரவாயில்லை என்று வல்லத்திலேயே இறங்கிவிட்டேன்.