முகவரி அக்காவின் பதினோரு பதிவேடுகள்

மேடையில் வீற்றிருக்கும் தாளாளர் அவர்களே, எனக்கு முன் இந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்து, இன்று கைத்தடியோடு படியேறி வந்திருக்கும் ஐயா அவர்களே, உடன் பணியாற்றும் நண்பர்களே, எத்தனையோ ஊர்களிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, உட்கார இடமில்லாமல் சன்னலோரம் நிற்கும் எங்கள் பழைய மாணவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் மகளே, மருமகனே, உங்கள் அனைவரையும் கனத்த மனத்தோடு வணங்குகிறேன்.

இந்த மண்டபத்தை இவ்வளவு நிறைந்து நான் பார்த்ததில்லை. பட்டமளிப்பு விழாவுக்குக்கூட பின்வரிசை காலியாகத்தான் இருக்கும். இன்று யாருக்காக நிறைந்திருக்கிறது? அமைச்சருக்காகவா? அறிஞருக்காகவா? முப்பத்துநான்கு ஆண்டுகள் நம் அலுவலக அறையில் சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு கண்காணிப்பாளருக்காக நிறைந்திருக்கிறது. வருகைச் சான்றிதழில் முத்திரை குத்தியவருக்காக. நம்மை விட்டு மறைந்த, நம் அன்புக்குரிய முகவரி அக்காவுக்காக.

அந்தப் பெயரை அவருக்கு வைத்தது யார் என்று தெரியவில்லை. ஏன் வைத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். படிப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் எவரையும் அவர் சும்மா அனுப்பியதில்லை. தடித்த அட்டை போட்ட ஒரு பதிவேட்டை எடுத்து நீட்டுவார். "போற இடத்து முகவரியை எழுதிட்டுப் போ. மாறினா சொல்லு. சொல்லலைன்னா நானே தேடி வருவேன்" என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தவர்கள் பிறகு மாட்டிக்கொண்டார்கள்.

நம் கல்லூரி சிறியது. இரண்டு கட்டடம், ஒரு மாடிப்படி, முந்நூறு மாணவர்கள். சிறிய இடம் என்றால் எல்லோரும் எல்லோரையும் தெரிந்து வைத்திருப்பார்கள் என்று வெளியே நினைப்பார்கள். உண்மை அப்படியில்லை, நண்பர்களே. சிறிய இடத்தில்தான் ஒருவர் தனியாக இருப்பது இன்னும் எளிது. எல்லோருக்கும் முகம் தெரியும் என்பதால், யாரும் எதுவும் கேட்பதில்லை.

என் கதையையே சொல்கிறேன். நான் இயற்பியல் விரிவுரையாளராக வந்த முதல் இரண்டு ஆண்டுகள், மதிய உணவை ஆய்வுக்கூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் சாப்பிட்டேன். யார் மீதும் கோபமில்லை. எனக்குப் பேச வராது, அவ்வளவுதான். ஒருநாள் அக்கா கதவைத் தட்டினார். அலுவலகத்தின் பின்னறையில் இருக்கும் நீள மேசை ஒரு பக்கம் ஆடுகிறதாம், இயற்பியல் படித்தவர் வந்து பார்த்தால் நன்றாக இருக்குமாம். போனேன். அங்கே பதினைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நூலகர், தோட்டக்காரர், கணக்கு ஆசிரியர், பெருக்குகிற அம்மா, எல்லோரும் ஒரே மேசையில். நான் குனிந்து பார்த்தேன். ஒரு காலின் அடியில் இருக்க வேண்டிய மரத்துண்டைக் காணவில்லை. அட்டையை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன். "இன்னும் ஆடுதான்னு உட்கார்ந்து பார்த்தாத்தானே சார் தெரியும்" என்றார். உட்கார்ந்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அந்த மரத்துண்டு அவருடைய மேசை இழுப்பறையில் இருந்ததை மறுவாரமே பார்த்தேன். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவருக்கு நான் என்ன கைம்மாறு செய்தேன் தெரியுமா? இதைச் சொல்லத்தான் இன்று இந்த ஒலிபெருக்கியின் முன் நிற்கிறேன். புகழ்ச்சி மட்டும் பேசிவிட்டு இறங்கினால், அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நான் துணை முதல்வரான ஆண்டு. பதவி புதிது, மிடுக்கும் புதிது. அக்கா தினமும் மதியத்துக்குப் பிறகு அலுவலகத் தொலைபேசியில் பழைய மாணவர்களோடு பேசுவார். ஒருவருக்குக் குழந்தை பிறந்திருக்கும், ஒருவருக்கு வேலை போயிருக்கும், ஒருவர் புது ஊரில் ஆள் தெரியாமல் தவித்துக்கொண்டிருப்பார். நான் அவருக்கு ஒரு குறிப்பாணை கொடுத்தேன். அலுவலக நேரத்தில், அலுவலகத் தொலைபேசியில், கல்லூரியோடு தொடர்பில்லாதவர்களுடன் பேசுவதைத் தவிர்க்கவும். அவர் மேசையில் சாப்பிட்ட கைதான் அதில் கையெழுத்துப் போட்டது. அக்கா அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து, வேலை முடிந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து தன் சொந்தக் கைப்பேசியில் பேசத் தொடங்கினார்.

ஆறு மாதம் போனது. ஒருநாள் முற்பகல் பதினொரு மணிக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது. பக்கத்தில் நின்ற நானே எடுத்தேன். ஒரு தாய் பேசினார். அவருடைய மகள் நம்மிடம் படித்து முடித்து, வெகுதூரத்தில் ஒரு பெருநகரத்தில் வேலைக்குப் போயிருந்தாள். வாடகை அறையில் தனியாக இருந்தாள். இரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லை. அன்று காலை அலுவலகத்துக்கும் வரவில்லையாம். அந்த ஊரில் அவர்களுக்கு யாரையும் தெரியாது. அந்தத் தாய்க்கு நினைவுக்கு வந்தது நம் கல்லூரியின் எண்தான்.

நான் என்ன சொன்னேன்? படித்து முடித்துப் போனவர்களுக்குக் கல்லூரி பொறுப்பேற்க முடியாதம்மா, காவல் நிலையத்தில் சொல்லுங்கள் என்று சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை முறைக்கவில்லை. அறிவுரை சொல்லவில்லை. கேட்டது ஒரே கேள்வி.

"எந்த ஊர் சார்?"

சொன்னேன். அலமாரியைத் திறந்தார். அங்கே வரிசையாக நின்றன பதிவேடுகள். அதுவரை நான் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. ஒரு பெயருக்கு ஒரு பக்கம். மூன்று நான்கு முகவரிகள் அடித்து அடித்து எழுதியிருக்கும். ஓரத்தில் பென்சிலில் குறிப்புகள். 'அப்பாவுக்குக் காது மந்தம், நிதானமாகப் பேசணும்.' 'முதலில் பூனையைப் பற்றிக் கேட்கணும்.' 'கோபக்காரன், ஆனால் கூப்பிட்டால் வருவான்.'

முதலில் அந்தத் தாயைக் கூப்பிட்டு மகளின் முகவரியைச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு அந்த நகரத்தில் இருந்த நம் மாணவர்கள் மூன்று பேரைக் கூப்பிட்டார். மின்தூக்கி பழுது பார்க்கும் ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், மருந்தாளுநர் ஒருவர். மூவரும் வெவ்வேறு ஆண்டுகளில் படித்தவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாது. அந்தப் பெண்ணையும் யாருக்கும் தெரியாது. வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

ஒன்றரை மணிக்கு மூவரும் அந்தக் கதவின் முன் நின்றார்கள். தட்டினார்கள், பதிலில்லை. வீட்டுக்காரர் பூட்டை உடைக்க விடவில்லை. ஆசிரியை அவரிடம் பேசிப் பேசிக் கரைத்தார். பழுது பார்ப்பவர் தன் கருவிப் பையைத் திறந்தார். உள்ளே அந்தப் பெண் காய்ச்சலில் நினைவின்றித் தரையில் கிடந்தாள். மருந்தாளுநர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஆம்புலன்சை வரவழைத்தார். மூளைக்காய்ச்சல். இன்னும் அரை நாள் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

அந்தப் பெண் இன்று இங்கே இருக்கிறாள். அந்த மூவரும் இருக்கிறார்கள். மூன்றாவது சன்னலுக்குப் பக்கத்தில், நால்வரும் சேர்ந்தே நிற்கிறார்கள்.

அன்று மாலை நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். என்னென்னவோ தயார் செய்து வைத்திருந்தேன். நான் தொடங்குமுன் அவரே எனக்கு வழிவிட்டார். "விடுங்க சார். நீங்க சீக்கிரம் போனை வச்சதுல ஒரு நன்மை. எனக்கு லைன் கிடைச்சுது" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. என்னை அவ்வளவு லேசாக விட்டுவிட்டார். அந்த லேசுதான் இன்றுவரை எனக்குப் பெரிய பாரமாக இருக்கிறது.

அந்த மூவரும் அதற்கு முன் ஆறு ஆண்டுகளாக ஒரே நகரத்தில் இருந்திருக்கிறார்கள். இருவர் அடுத்தடுத்த தெருவாம். அது அக்காவை வெகுவாக உறுத்தியது. "முகவரியை நான் மட்டும் வச்சுக்கிட்டு என்ன சார் பிரயோஜனம்? ஒருத்தருக்கொருத்தர் தெரியணுமே" என்றார். ஊர் ஊராகப் பிரித்துக் கடிதம் எழுதினார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தியுங்கள், பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் சந்தியுங்கள் என்று எழுதினார். இன்று பத்தொன்பது ஊர்களில் அந்தச் சந்திப்பு நடக்கிறது. புது ஊருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளையை இரயில் நிலையத்தில் ஒரு முகம் எதிர்கொள்கிறது. வாய் உள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். வாய் இல்லாத பிள்ளைக்கு யார் வாய்? அந்தக் கேள்விக்குத்தான் அவர் முப்பத்துநான்கு ஆண்டுகள் பதில் சொன்னார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் மகளின் அனுமதியோடு சொல்கிறேன். நேற்று நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவின் பெருமையை நான் அடுக்கிக்கொண்டே போனேன். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "சார், எங்கம்மாவுக்கு ரெண்டாயிரம் பிள்ளைங்க. எனக்கு ஒரே அம்மா."

 அதை மறுக்க உங்களில் யாரால் முடியும்? அன்று சிறுமியாக இருந்த அந்த மகள் பள்ளி ஆண்டு விழாவில் மேடையேறியபோது, அவர் அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து நம்மில் யாரோ ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். நாம் பெற்றதெல்லாம் எங்கிருந்தோ எடுத்துக் கொடுக்கப்பட்டது, நண்பர்களே. அது யாருடைய பங்கிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஓய்வுக்குப் பிறகு அக்கா மகள் வீட்டில் இருந்தார். கடைசி ஓராண்டில் கை நடுக்கம் அதிகமாகி எழுத முடியாமல் போனது. அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதினார். பதினோராவது பதிவேடு முழுக்க மகளின் கையெழுத்துதான். ஒருநாள் எழுதுவதை நிறுத்திவிட்டு மகள் கேட்டிருக்கிறார், எனக்கு ஏம்மா இதில் ஒரு பக்கம் இல்லை என்று. அக்கா யோசிக்காமல் சொன்னாராம்: "தொலைஞ்சு போயிடுவாங்கன்னு பயந்தவங்களைத்தான் எழுதி வச்சேன். நீ எங்கடி போகப் போற?"  பிறகு, "அப்படி நினைச்சதுதான் நான் பண்ணின தப்பு" என்றாராம்.

மறுநாள் காலை பேனாவைக் கேட்டு வாங்கி, நடுங்கும் கையால் கடைசிப் பக்கத்தில் தானே எழுதினார். நேற்று அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். மகளின் பெயர். முகவரி என்ற இடத்தில் ஒரே ஒரு சொல். 'கூடவே.' கோபம் முழுவதும் போய்விட்டதா என்று மகளிடம் கேட்டேன். முழுசாகப் போகவில்லை, ஆனால் இப்போது அது கனக்கவில்லை என்றார். அந்த உண்மையைவிட உயர்ந்த அஞ்சலியை நான் இந்த மேடையில் சொல்லிவிட முடியாது.

நண்பர்களே, அக்காவின் பெயரில் ஒரு கல்வெட்டு வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். கல்வெட்டு யாரையாவது கூப்பிட்டுப் பேசுமா? மகள் அந்தப் பதினோரு பதிவேடுகளையும் நேற்று என் கையில் கொடுத்தார். கல்லூரியில் ஆசிரியர்களும் அலுவலர்களும் தோட்டக்காரரும் நானும் சேர்ந்து எழுபத்தெட்டுப் பேர். இன்று காலை பெயர்களைப் பிரித்துக்கொண்டோம். ஆளுக்கு இருபத்தாறு பெயர். ஒருவர் கையிலேயே எல்லாம் விழுந்தால், ஒரு வீடு காத்துக்கிடக்கும். இனி அது நடக்காது. எழுபத்தெட்டுப் பேரும் பங்கு போட்டுக்கொள்வோம்.

என் பங்கில் முதல் பெயரை, இந்தக் கூட்டத்துக்கு வருமுன் கூப்பிட்டேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் படித்தவர், இன்று வர முடியாதவர். என் குரலைக் கேட்டதும் பதறிப்போய், "என்ன சார் ஆச்சு?" என்றார். நல்ல செய்திக்கும் கெட்ட செய்திக்கும் மட்டுமே போன் செய்யும் உலகம் இது. ஒன்றும் ஆகவில்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன். அதற்குமேல் எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. எனக்குத்தான் பேச வராதே.  பிறகு அவர் புது வீட்டில் மழைநீர் ஒழுகுவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இருபது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மீதி இருபத்தைந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிடுவேன் என்று, அக்காவின் மகள் முன்னிலையில் உறுதி கூறி, என் இடத்தில் போய் அமர்கிறேன்.