மஞ்சள் நிற்க வேண்டிய இடம்

இந்த அறைக்கு வெள்ளை அடித்திருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வெள்ளை இல்லை. கொஞ்சம் சாம்பல், அதில் துளி மஞ்சள். குறை சொல்லவில்லை, மேடம். பத்துப் பேரில் ஒன்பது பேர் இதை வெள்ளை என்றுதான் வாங்கிப் போகிறார்கள். நாற்காலி வசதியாக இருக்கிறது. தண்ணீர் இப்போது வேண்டாம். கோர்வையாகவே சொல்லிவிடுகிறேன், உங்கள் எழுத்தர் நிதானமாக எழுதிக்கொள்ளட்டும்.

பெயின்ட் தொழிற்சாலையில் நிற அறை என் பொறுப்பு. பத்தொன்பது வருஷமாக. நிற அறை என்றதும் உள்ளே வானவில் தொங்கும் என்று எல்லோரும் ஆசையாக எட்டிப் பார்ப்பார்கள். நான்கு சுவரும் சாம்பல், மேசை சாம்பல், நான் போட்டுக்கொள்ளும் மேலங்கியும் சாம்பல். சிவப்பு உடுத்திக்கொண்டு பச்சை அட்டையைப் பார்த்தால் பச்சை இல்லாத துள்ளு துள்ளும், அதனால்தான். கலவைக் கூடத்து ஆட்கள் எனக்குச் சாம்பலக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரேதான் கூப்பிடுவார்கள். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

நிறத்துக்குப் பெயர் வைப்பது சோம்பேறி வேலை. ஒருத்தர் கிளிப்பச்சை என்பார், அதையே இன்னொருத்தர் இளம்பச்சை என்பார், இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு கடைசியில் எங்களைத் திட்டுவார்கள். அதனால் எண். ஓர் ஆரஞ்சுப் பழத்தை மேசையில் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். காம்புப் பக்கம் வெள்ளை, அடியில் கறுப்பு, இடுப்பைச் சுற்றிச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று வட்டமாக. தோல் பக்கம் அழுத்தமான நிறம், உள்ளே போகப் போக மங்கி, நடுவில் வெறும் சாம்பல். உலகத்தில் எந்த நிறத்தைக் காட்டினாலும் அதற்கு அந்தப் பழத்துக்குள் ஓர் இடம் உண்டு. ஆயிரத்து நாற்பது அட்டை. ஒவ்வொன்றும் நானே பூசி, உலர்த்தி, வெட்டி அடுக்கியது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரே அளவு படி. கண் அதில் இறங்கிப் போகும்போது எங்கேயும் இடறக் கூடாது.

மஞ்சள்தான் பிடிவாதக்காரி. மற்ற நிறமெல்லாம் நடு உயரத்தில் பலமாக இருக்கும். மஞ்சள் மட்டும் உச்சிக்குப் பக்கத்தில், வெளிச்சமான இடத்தில்தான் பலமாக நிற்பேன் என்று புடைத்துக்கொண்டு நிற்கும். வீட்டுக்கு ஒரு பிள்ளை அப்படி இருக்குமே. அந்தப் புடைப்பின் நுனியில் இருந்தது முப்பத்தேழாம் எண். அந்த மஞ்சள் ஈயப் பொடியில்தான் வரும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பொம்மைகளுக்கும் தொட்டில்களுக்கும் போகிற பெயின்டில் இனி ஈயம் கூடாது என்று உத்தரவு வந்தது. எங்கள் வேதியியலாளரைச் சொட்டு என்போம். எதைக் கண்டாலும் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். கேன்டீன் டீயைக்கூட விட்டதில்லை. நல்ல மனுஷர். அவர்தான் ஈயமில்லாத புதுப் பொடியோடு வந்தார்.

"சாம்பலக்கா, பாத்தீங்களா? அசல் அதே மஞ்சள்."

ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தால் அதே மஞ்சள்தான். எப்போதும் ஒரே வெளிச்சம் விழுகிற விளக்குப் பெட்டிக்குள் வைத்தேன். பச்சைப் பக்கம் ஒரு படி சாய்ந்துவிட்டது.

"இது முப்பத்தேழு இல்ல. முப்பத்தாறு."

"அரைப் படி இருந்தா அதிகம்க்கா. பொம்மை வாங்குறவங்க யாரு விளக்குப் பெட்டியோட வரப்போறாங்க?"

"அரைப் படி இல்ல, ஒரு படி. பச்சைப் பக்கம் பாத்து."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பழைய மூட்டைகளைத் திருப்பி அனுப்ப லாரி வந்து நின்றது. நான் ஆறு மாதம் அவகாசம் கேட்டேன். மேனேஜர் ஆறு நாள் தருகிறேன் என்றார், அதையும் கேலியாக. அப்புறம் நான் யாரிடமும் வாதாடவில்லை. வாதாடுவது என் சுபாவமில்லை.

மூட்டைகளின் சீட்டை மாற்றி ஒட்டினேன், அவ்வளவுதான். புதுப் பொடி மூட்டைகள் லாரியில் போயின. பழையவை புதுப் பொடியின் எண்ணோடு கிடங்கில் உட்கார்ந்தன. கலவைக் கூடத்தில் எண்ணைப் பார்த்துத்தான் கொட்டுவார்கள். பிறகு வந்த கொள்முதலுக்கும் நிறப் பொருத்தச் சீட்டு எழுதுவது நான்தான் என்பதால், நான் எழுதிக் கொடுத்த பழைய பொடிதான் வந்தது. மாதாமாதம் சோதனைக்குச் சொட்டுவிடம் மாதிரி அனுப்ப வேண்டும். என் அலமாரியில் புதுப் பொடி ஒரு டப்பா வைத்திருந்தேன், அதிலிருந்து அனுப்பினேன். அவர் சொட்டு விட்டுப் பார்த்து, ஈயம் இல்லை என்று கையெழுத்துப் போடுவார். அவர் பார்த்ததில் ஈயம் இல்லைதான். அந்த வகையில் அவர் பொய்க் கையெழுத்து ஒன்றும் போடவில்லை.

என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கை குழந்தைதான் எங்கள் எல்லோருக்கும் குழந்தை. பாப்பாவுக்கு ஒரு வயது நிறைந்த அன்று பன்னிரண்டு மரக்கட்டைகள் வாங்கிக் கொடுத்தேன். பொம்மைக் கம்பெனி எங்கள் பெயின்டைப் பூசி விற்பது. வட்டமாக அடுக்கினால் சிவப்பில் கிளம்பி ஊதா வழியாகத் திரும்பச் சிவப்புக்கே வந்து சேரும். இடறலே இருக்காது. அதில் மஞ்சள் எங்கள் முப்பத்தேழு என்று எனக்குத் தெரியும். பெருமையாகவே இருந்தது. பாப்பாவுக்கும் பன்னிரண்டில் அதுதான் பிடிக்கும். கையில் எடுத்தால் நேரே வாய்க்குத்தான். பல் முளைக்கிற வயசு. நல்ல ரசனை என்று நான்கூடச் சொன்னேன்.

இரண்டு வயது ஆவதற்குள் வயிற்றுவலி வந்தது. சோறு வேண்டாம் என்றாள், சுருண்டு சுருண்டு படுத்தாள். பெய்ம்மா, பெய்ம்மா என்று என் பின்னாலேயே ஓடி வருகிறவள், உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஈயம் என்றார். தண்ணீர்க் குழாய், ஜன்னல் பெயின்ட், பொம்மை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை கட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, இதுல ஏதாவது இருக்குமா? உங்க பெயின்ட்தானே?"

"இருக்காதுடி. நாங்க எல்லாத்தையும் மாத்தியாச்சு. எழுத்துல இருக்கு."

"நீ சொன்னா சரிதான்க்கா."

அவள் என்னிடம் அப்படித்தான். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

கட்டைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மஞ்சளை மட்டும் எடுத்து வைத்துவிடலாம் என்று நானும் யோசிக்காமலில்லை. என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். எடுத்தும் பார்த்தேன். மற்ற பதினொன்றையும் வட்டமாக வைத்தால், ஆரஞ்சுக்கும் பச்சைக்கும் நடுவில் பல் விழுந்த மாதிரி ஓர் ஓட்டை. குழந்தை கற்றுக்கொள்கிற வயது. ஆரஞ்சை அடுத்து நேரே பச்சை என்று மனதில் பதிந்துவிட்டால் அதை அப்புறம் யார் அழிப்பது? ஈரத்தைத் துடைத்து, மஞ்சளை அதன் இடத்திலேயே வைத்தேன்.

மருந்து கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தவரைக்கும் ஈயம் இறங்கியது. வீட்டுக்கு வந்தால் ஏறியது. "உங்க வீட்டுலதான் ஏதோ இருக்கு. நல்லாத் தேடுங்க," என்றார் டாக்டர். தேடினோம். தங்கை வீட்டுக்காரர் குழாய்களை மாற்றினார். ஜன்னல் சட்டங்களைச் சுரண்டினார். மூன்று ஞாயிற்றுக்கிழமை நானும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அவரோடு சேர்ந்து சுரண்டினேன். கை கொப்புளித்துவிட்டது. "அக்கா மாதிரி யாரு வருவா?" என்று அவர் தங்கையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பாப்பா பக்கத்தில் பாயில் உட்கார்ந்து கட்டையோடு விளையாடிக்கொண்டிருந்தாள்.

நான்கு மாதம் கழித்து வலிப்பு வந்தது. பேச்சு அதோடு நின்றது.

மற்ற வீடுகளைப் பற்றி எனக்கு நேரடியாகத் தெரியாது. பதினோரு குழந்தைகள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதில் இரண்டு குழந்தைகள் பிழைக்கவில்லை என்பதும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். வேறொரு ஊர் டாக்டர் பொம்மையைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்ப, விஷயம் எங்கள் தொழிற்சாலைக்கு வந்தது. காகிதத்தில் இருந்தது சொட்டுவின் கையெழுத்து. உங்கள் போலீஸ்காரர்கள் அவரை அழைத்துக்கொண்டு போகும்போது நிற அறை வாசலில் ஒரு நிமிஷம் நின்றார்.

"அக்கா, நீங்க அனுப்பின மாதிரியத்தானே நான் பாத்தேன்? ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

நான் விளக்குப் பெட்டியில் ஓர் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையில் பாதியில் நிமிர்ந்தால் கண் பழகினது போய்விடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் நிமிர்வதற்குள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்பது நாளாக உள்ளே இருக்கிறார், இல்லையா? அவர் வீட்டுக்காரம்மா இரண்டு முறை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆறுதல் சொல்லித்தான் அனுப்பினேன்.

இன்று நானாக வந்ததற்குக் காரணம் கேட்டீர்கள். உங்கள் குற்றப்பத்திரிகையின் நகல் தொழிற்சாலைக்கு வந்தது. அதில், ஈயம் கலந்த ஆரஞ்சு மஞ்சள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆரஞ்சு மஞ்சள் நாற்பத்தொன்று. அதில் ஈயமே கிடையாது. அப்படியே கோர்ட்டுக்குப் போனால் எப்படி? முப்பத்தேழு என்று திருத்திக்கொள்ளுங்கள். மூட்டையில் சீட்டு மாற்றியது நான், மாதிரி மாற்றியது நான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சொட்டுவை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

தங்கைக்கு இன்னும் தெரியாது. நீங்களே சொல்லிவிடுங்கள், பக்குவமாக. அவள் கொஞ்சம் பதறுவாள். ஆனால் பாப்பாவுக்கு என் மேல் ஒரு வருத்தமும் இல்லை. இன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்கிறேன், என்னைப் பார்த்துச் சிரித்தாள். மனதில் ஏதாவது இருந்தால் ஒரு குழந்தை அப்படிச் சிரிக்குமா, மேடம்? அவள் இப்போது ஆள் அடையாளமே தெரியாமல்தான் சிரிக்கிறாள், சுவரைப் பார்த்தும் சிரிப்பாள் என்கிறார் டாக்டர். அவருக்கென்ன, வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கிறவர். நான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறேன்.