ஓரக்கண் அக்காவும் முகமில்லாத ஐயாயிரம் அட்டைகளும்

வண்ணங்களை வசப்படுத்திய வித்தகரே! வெள்ளைத் தாளைக் கண்டு நாங்கள் வெலவெலத்தபோதெல்லாம், அதில் பாதியை வேண்டுமென்றே வெறுமையாய் விட்டு வேடிக்கை காட்டியவரே! கோட்டையும் பாட்டையும் கூட்டாளிகள் ஆக்கியவரே! நிறுவனம் தந்த பதவிப் பெயரைவிட நாங்கள் சூட்டிய பட்டப்பெயராலேயே மூன்று மாடிகளிலும் அறியப்பட்ட எங்கள் ஓரக்கண் அக்கா! முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்களோடு உழைத்து இன்று பணி நிறைவு பெறும் உங்களை, வடிவமைப்புக் கூடத்தார் அனைவரும் எழுந்து நின்று வணங்குகிறோம்.

இம்மடலை எழுதும் பேறு, அச்சுக்குப் போகும் படங்களை வெட்டி ஒட்டும் ஒட்டுப் பிரிவுக்காரனான எனக்கு வாய்த்தது. உங்களைப் புகழ்வதில் எனக்குச் சிரமமே இல்லை. ஆனால் உங்கள் பணிக்கோப்பில் இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு குற்றம் குந்தியிருக்கிறது, அது உங்களுடையதன்று. இன்று மாலை அக்கோப்பைக் கட்டி மூடுமுன், இத்தனை பேர் முன்னிலையில் நான் அதைச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் நல்லதைச் சொல்லிக்கொள்கிறேன்.

எந்தப் போஸ்டரையும் நீங்கள் நேருக்கு நேர் நின்று பார்த்ததில்லை. நடைவழிக் கோடியில் ஒட்டிவிட்டு, காய்கறிப் பையோடு போகிறவர் போல விறுவிறுவென்று கடந்து, ஓரக்கண்ணால் ஒரே ஒரு பார்வை! "ரோட்டுல போறவங்க நின்னா பார்க்கப் போறாங்க? போற போக்குல கண்ணுல பட்டாகணும்" என்பீர்கள். கண்ணில் படாவிட்டால், எத்தனை நாள் உழைப்பானாலும் கிழிபடும். வயலின் கச்சேரி ஒன்றுக்கு, ஆளுயரத் தாளில் மேலிருந்து கீழ்வரை ஒற்றை நரம்பை மட்டும் வரைந்து தந்தீர்களே! "மீதியை எப்ப வரைவீங்க?" என்று கேட்டார் முதலாளி. பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தவர்கள் அந்த நரம்பை விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்து, அந்த இடம் மட்டும் அழுக்கேறிக் கறுத்ததைப் பிறகு அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

குழந்தைகள் கார்ட்டூன் தொடருக்கு நீங்கள் வரைந்த தலைப்பை மறப்போமா? எழுத்துகளின் மேல் புள்ளிகள் மட்டும் மழையாய்ப் பெய்து, ஒவ்வொன்றாய்த் தத்தம் இடத்தில் வந்து அமரும் பன்னிரண்டு விநாடிகள். அதற்கு இருநூற்று எண்பத்தெட்டுப் படங்கள். கூடத்தில் இடம் போதாமல் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொடியில் கிளிப் மாட்டி உலர்த்தினீர்கள். "என் சட்டைக்கும் ஒரு முழம் இடம் விடும்மா" என்று கெஞ்சிய உங்கள் கணவர், இதோ முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார். என்ன காலம் அக்கா அது! பசை மணமும் பிளேடு கீறலும் பாட்டுச் சத்தமுமாய்க் கழிந்த பகல்கள்!

சரி, இனித் தள்ளிப்போட முடியாது.

புகழ்பெற்ற பாடகர் ஒருவரின் கேசட் அட்டை ஐயாயிரம் அச்சாகி வந்தபோது, நடுவில் அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகத்தின் வடிவிலேயே வெறும் வெள்ளை! மூலத் தாளில் வெட்டி ஒட்டிய படம் அச்சுக்குப் போகுமுன்பே விழுந்திருந்தது. "யார் பார்த்த வேலை இது?" என்று முதலாளி கர்ஜித்தபோது, "என் கவனக்குறைவு சார்" என்று முன்னே வந்தவர் நீங்கள். பிளேடை எடுத்தீர்கள், வெள்ளையை அதன் விளிம்போடு வெட்டி எறிந்தீர்கள், உள்ளே மடித்து வைக்கும் பாட்டு வரித் தாளில் அவருடைய நான்கு முகங்களை அச்சிடச் செய்தீர்கள். தாளை இழுக்க இழுக்க, அட்டையின் ஓட்டையில் பாடகர் சிரித்தார், பாடினார், கண் மூடினார், கண் திறந்தார்! கூடமே உட்கார்ந்து ஐயாயிரத்தையும் கையால் வெட்டினோம். பாட்டுக்காக வாங்கியவர்களைவிட இழுத்துப் பார்க்க வாங்கியவர்களே அதிகம். ஆயினும் கோப்பில் ஏறிய குற்றம் இறங்கவில்லை. உங்களுக்கு வரவேண்டிய தலைமை நாற்காலி ஆறு ஆண்டுகள் தள்ளிப்போனது.

அந்த முகத்தை ஒழுங்காக ஒட்டாதவன் நான். அது என் செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்தது; முதலாளி கர்ஜித்த அன்றிரவுதான் அதைக் கண்டு, செருப்போடு சேர்த்து எறிந்தேன். ஏற்கெனவே இரண்டு முறை எச்சரிக்கப்பட்டவன், புதிதாய் மணமானவன். வேலை போய்விடுமென்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். மன்னித்துவிடுங்கள் அக்கா.

அவையோரே, ஒரு வேடிக்கையையும் கேளுங்கள். இம்மடலை அழகாய் அமைக்க இக்கூடத்தில் அக்காவை விட்டால் ஆளில்லை என்று, பழக்கதோஷத்தில் நேற்று அவரிடமே கொடுத்துவிட்டோம்! தம் பாராட்டு மடலுக்குத் தாமே எழுத்தளவு குறித்துத் தந்தார். அடைமொழிகளில் ஏழினைக் களைந்தார். பிறகு, நான் மன்னிப்புக் கேட்ட பத்தியைப் பென்சிலால் முழுதாய் அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்: "இது வேணாம்பா. அன்னிக்கே உன் செருப்படியில ஒட்டியிருந்த தாள் என் கண்ணுல பட்டுது, மறுநாள் நீ புதுச் செருப்போட வந்தப்பவே எனக்குத் தெரியும். எடுத்துட்டா பக்கம் அழகா இருக்கும்."

அக்கா, உங்கள் திருத்தம் ஒன்றைக்கூட இதுவரை நாங்கள் மறுத்ததில்லை. இதை மறுக்கிறோம். பக்கம் அழகில்லாமல் போனால் போகட்டும். அந்தப் பத்தி அப்படியே இந்த மடலின் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. கையெழுத்திட்ட நகல் ஒன்றை இன்று காலை உங்கள் கோப்பிலும் சேர்த்துவிட்டேன்.

அவசர வேலை துரத்தாத காலைகளும், மனம்போல் வரைய நீண்ட பகல்களும், நோயில்லா உடலும் பெற்று, துணைவரோடும் பிள்ளைகளோடும் நூறாண்டு நிறைந்து வாழ்க!

என்றும் உங்கள் அன்பில்,
வடிவமைப்புக் கூடத்தார் நாற்பதின்மர்,
அவர்களோடு, அந்த முகத்தை ஒட்டத் தவறியவன்.