முப்பத்தேழு காலிக் கட்டங்கள்

— ‘ஒன்பதாவது பாதியில நின்னவ, இங்கிலீஷ் ஃபாரத்த எப்படி அடிப்பே?’ன்னு வேலைக்கு வந்த அன்னைக்குக் கேட்டேன். என்ன சொன்னே, அருள்செல்வி?

— எழுத்தப் பாத்து எழுத்து அடிப்பேன்னு சொன்னேன் சார்.

— அத நம்பித்தான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வச்சேன். இப்ப அமெரிக்காலேருந்து மெயில் வந்திருக்கு. அவங்க ஊரு ஜெயில் கணக்கு, கைதிக்கு ஒரு ஃபாரம். முப்பத்தேழு ஃபாரத்துல தண்டனைக் கட்டம் காலி. எல்லாம் நீ அடிச்சது.

— ஆமா சார்.

— ஆமாவா? கண்ணு தெரியலையா, கை வலியா?

— தெரிஞ்சுது சார். மூணு ஒம்போது போட்டிருந்துச்சு. அப்படின்னா சாகுற வரைக்கும் உள்ளதான்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க.

— அத அடிக்கிறதுக்கு என்னம்மா?

— வயசுக் கட்டத்துல பதினாறு, பதினேழுன்னு இருந்துச்சு. என் தம்பி வயசு. கை போகல.

— நீ காலியா விட்டா அங்க கதவத் தொறந்து விட்டுருவானா? இது வெறும் எண்ணிக்கை. அதுல பேருகூட கெடையாது. நாலு வருஷமா குறுவை இல்லாத ஊருல இருவது பொண்ணுங்க வீட்டு அடுப்பு இந்த ஒரு கான்ட்ராக்ட்லதான் எரியுது. ஃபிளோரா, நீயாவது கேளேன். ‘நாத்து நட்டுக் கஷ்டப்படுது, சேத்துக்குங்க ஜெரால்ட்’னு வீட்டுல என்னப் பிடுங்கி எடுத்தது நீதானே. கட்டுன புருஷன் இங்க கத்துறேன், ஸ்கிரீனையே பாத்துக்கிட்டிருக்கா.

— அக்காவத் திட்டாதீங்க சார்.

— யாரையும் திட்டல. நாளையிலேருந்து நீ வர வேணாம்.

— சரி சார். ஒண்ணு கேக்கவா?

— கேட்டுத் தொலை.

— ஒரே ஃபாரத்த ரெண்டு பேரு தனித்தனியா அடிப்போம், ஒத்துப் போகலன்னா கம்ப்யூட்டர் நிறுத்திரும்னு சொன்னீங்க. முப்பத்தேழுக்கும் அது நிறுத்தவே இல்ல. சரி, பரவால்ல போலன்னு விட்டுட்டேன்.

— நிறுத்தலையா? அப்ப இன்னொரு ஆளும் காலியா விட்டாத்தான்... இரு, பாக்குறேன். முப்பத்தேழுலயும் ரெண்டாவதா அடிச்சது நம்பர் நாலு. ஒரே ஆளு. நாலு யாரு? ஃபிளோரா, இது உன் நம்பருல்ல?

— சார்...

— நீ சும்மா இரு. ஃபிளோரா, உன்னத்தான் கேக்குறேன். நீயுமா? எந்திரிச்சு எங்க போறே? பதில் சொல்லிட்டுப் போ.

— வர வேணாம்னு நீங்க சொன்னது அக்கா காதுலயும் விழுந்துச்சு சார். போயிட்டாங்க.